சர் எம்.வி. போட்ட மைசூர் கணக்கு

செப்டம்பர் 15 பொறியாளர் தினம். அதையொட்டி இந்த இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். பொறியாளர் தினம் என்றால் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாதான். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் நம் பக்கத்தில் இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று கிருஷ்ணராஜ சாகர் அணை, அதைத் தொட்டு வரும் காவிரித் தகராறு. மற்றொன்று, அரசாங்க வேலைக்கு ஒரு மெழுகுவத்தி, சொந்த வேலைக்கு இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினார் என்ற கதை. இரண்டையும் இந்த முறை ஒதுக்கி வைக்கிறேன். அணை கட்டிய மனிதர் கட்டிய இன்னொன்றைப் பற்றித்தான் எழுத ஆசை. படிப்பையும் வேலையையும் ஊர் வருமானத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவர அவர் சுமார் முப்பது ஆண்டுகள் பாடுபட்டார். நான் வணிகவியல் படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிபடுகிறது.

அவர் 1861-ல் இன்றைய சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் உள்ள முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருத பண்டிதர். சொத்து சொல்லும்படி இல்லை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. படித்தபோது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளித்தார். பட்டம் வாங்கிய பிறகு மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்து, பொறியியல் படிக்கப் பூனாவுக்கு அனுப்பியது. 1883-ல் முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படிக்க வைத்த பணம் மைசூருடையது. பலன் அடைந்தது பம்பாய். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு. மைசூரிடம் உதவித்தொகை இருந்தது, சொந்தமாகப் பொறியியல் கல்லூரி இல்லை. படித்து வந்தவர் திறமைக்கு ஏற்ற வேலையும் அங்கே அவ்வளவாக இல்லை. ஊர் செலவழித்துப் படிக்க வைத்த பிள்ளை வெளியூருக்குச் சம்பாதித்துக் கொடுப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பம்பாய் மாகாணத்தில் அவர் செய்த வேலைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. சிந்துவில் சுக்கூர் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். வெள்ளம் ஏறினால் தானே திறந்து, வடிந்தால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளை வடிவமைத்து, 1903-ல் பூனா அருகே கடக்வாஸ்லா அணையில் பொருத்தினார். அவரை மாற்றிய அனுபவம் என்று நான் நினைப்பது 1898-ல் அவர் போன ஜப்பான் பயணம். சொந்தச் செலவில், விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை நம்மைப் போலவே விவசாயத்தை நம்பிக் கிடந்த நாடு, எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பி, தொழிற்பள்ளிகள் திறந்து, கூடவே ஆலைகளையும் தொடங்கி எழுந்து நிற்பதைப் பார்த்தார். பிற்காலத்தில் அவர் போட்ட எந்தத் திட்டத்தைப் புரட்டினாலும் அதில் ஜப்பானின் சாயல் தெரியும்.

1908-ல் பம்பாய் வேலையிலிருந்து தானாகவே ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு மூசி ஆற்றின் வெள்ளத்தில் சிதைந்த ஹைதராபாத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1909 கடைசியில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக வந்தார். மாணவராகப் போனவர் ஊர் திரும்ப இத்தனை ஆண்டுகள் ஆயின.

வந்தவுடன் அணைக்கான வரைபடத்தோடு நின்றுவிடவில்லை. சமஸ்தானம் ஏன் ஏழையாக இருக்கிறது என்று விசாரிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரிடம் வற்புறுத்தினார். 1911 ஜூன் மாதம் மைசூர் பொருளாதார மாநாடு கூடியது. அதற்கு மூன்று குழுக்கள்: கல்விக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, தொழில் வணிகத்துக்கு ஒன்று. அதிகாரிகளும் வியாபாரிகளும் நிலக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பிறகு மாவட்டந்தோறும் குழுக்கள் அமைந்தன. எத்தனை தறி, எத்தனை கிணறு, எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆண்டுக் குடிக்கணக்கில் மைசூரில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் இருந்தார்கள். கல்விக் குழுவும் தொழில் குழுவும் வேறு வேறு கட்டடத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்க்காமல் அறிக்கை எழுதுவதுதான் பொதுவான அரசாங்க வழக்கம். இங்கே இரண்டையும் ஒரே மாநாட்டின் கீழ் வைத்தார்கள். அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

1912-ல் அவர் திவான் ஆனார். ஒரு பொறியாளர் திவான் ஆனது பலருக்கு ஆச்சரியம். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1913-ல் கட்டாயத் தொடக்கக் கல்விக்குச் சட்டம் வந்தது. முதலில் சில இடங்களில் மட்டும் அமலாகி, பிறகு பரவியது. கிராமப் பள்ளிகள் வேகமாகப் பெருகின. ஹெப்பாளில் விவசாயப் பள்ளி, பெங்களூரில் இயந்திரவியல் பள்ளி, வணிகப் பள்ளி, மாவட்டங்களில் தொழிற்பள்ளிகள் என்று தொடர்ந்தது. சென்னபட்டணத்தில் பட்டுப் பண்ணை வைத்து இத்தாலிய நிபுணரைக் கொண்டுவந்தார்கள்.

அதே 1913 அக்டோபரில் மைசூர் பாங்க் தொடங்கியது. இதை நான் ஒரு வரியில் கடக்க மனமில்லை. நாள் பார்த்தால் அதைவிடக் கெட்ட நாள் கிடைக்காது. அதற்குச் சில நாள் முன்புதான் லாகூரில் பீப்பிள்ஸ் பாங்க் பணம் தர முடியாமல் கதவை மூடியது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்கச் சுதேசி வங்கிகள் வரிசையாக விழுந்தன. நம் சென்னையிலும் 1906-ல் அர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்தச் சூட்டில்தான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு சமஸ்தானம் தன் ஆதரவில் வங்கி தொடங்கத் துணிந்தது. காரணம் எளிது. தொழிற்பள்ளியில் படித்து வெளியே வரும் பையன் ஒரு பட்டறை வைக்க வேண்டுமானால் முதல் வேண்டும். அவனுக்கு முதல் கொடுக்க வட்டிக்கடைக்காரர்தான் இருந்தார், அவர் வட்டியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மட்டும் கடன் கொடுத்துப் பழகிய ஐரோப்பிய வங்கிகள் இவனை வாசலில் நிறுத்தியிருக்கும். படிப்பை ஒரு கையால் கொடுத்தால் கடனை இன்னொரு கையால் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. 2017-ல் ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் என்ற பெயர் பலகை இறங்கி, பெரிய வங்கியோடு இணைந்தபோது எங்கள் தலைமுறை வங்கிக்காரர்களுக்குக் கொஞ்சம் மனக்கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது என்று காட்ட ஓர் உதாரணம் போதும். நம் வீட்டுக் குளியலறையிலேயே அது இருக்கிறது.

மைசூர்க் காடுகளில் சந்தன மரம் அரசாங்கச் சொத்து. முதல் உலகப் போருக்கு முன்பு அதை ஏலம் விட்டால் கட்டையாகவே ஐரோப்பாவுக்குப் போகும், பெரும்பகுதி ஜெர்மனிக்கு. எண்ணெய் வடித்து லாபம் பார்த்தது அவர்கள். 1914-ல் போர் வந்ததும் கட்டைகள் வாங்க ஆளில்லாமல் குவிந்தன. கருவூலத்துக்குப் பெரிய அடி. அப்போது மைசூரின் தொழில் துறை இயக்குநராக இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். இவர் நம் சென்னையில் பழக்கப்பட்டவர். பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக வந்தவர், கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார், குரோம் தோல் பதனிடுதலைக் கொண்டுவந்தார், கிணறுகளுக்கு எண்ணெய் எஞ்சின் வைத்துப் பார்த்தார். அரசாங்கம் ஆலை நடத்தக் கூடாது என்று ஐரோப்பிய வியாபாரிகள் கூச்சல் போட, லண்டனும் 1910-ல் அதற்குத் தலையாட்டியது. சென்னை அவரைப் பயன்படுத்த முடியாமல் போனது. மைசூர் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. நமக்கு நஷ்டம், அவர்களுக்கு வரவு.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் அப்போதுதான் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே இருந்த வேதியியல் பேராசிரியர்களிடம் சந்தனக் கட்டையைக் கொடுத்து எண்ணெய் வடிக்கச் சொன்னார்கள். சோதனைச்சாலையில் வெற்றி கிடைத்ததும் முதலில் பெங்களூரில், பிறகு மைசூரில் ஆலை வந்தது. எண்ணெய் கிடைத்த பிறகு சோப்பு ஏன் கூடாது என்ற யோசனை. அதற்கு ஆள் வேண்டும். அந்தக் கழகத்தில் வேதியியல் பயின்ற எஸ்.ஜி. சாஸ்திரி என்ற இளைஞரைச் சோப்புத் தொழில் கற்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து ஆலையை நடத்தினார். மைசூர் சாண்டல் சோப்பு வந்த வழி இதுதான். உறையில் யானைத் தலையும் சிங்க உடலுமாக இருக்கும் சரபத்தை இன்னும் பார்க்கலாம்.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஊரில் என்ன விளைகிறது என்று பார்த்தார்கள். அதில் எந்த வேலை வெளியே போகிறது என்று பார்த்தார்கள். அந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று கண்டு, அந்தப் படிப்புக்கு ஆளை அனுப்பினார்கள். அவர் திரும்பி வரும்போது நாற்காலி தயாராக இருந்தது. நாம் இன்று நேர் எதிராகச் செய்கிறோம். மே மாதம் பிறந்தால் நம் காலனியில் நடைப்பயிற்சிக்கு வரும் பெற்றோர் எல்லோருக்கும் ஒரே பேச்சு, எந்தக் கோர்ஸுக்கு மவுசு என்று. பிள்ளை படித்து முடித்து வரும்போது நம் ஊரில் அதற்கு யார் வேலை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

மைசூருக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று அவர் கேட்டபோதும் எதிர்ப்பு வந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் காலேஜும் அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. சிறிய சமஸ்தானத்துக்கு எதற்கு இந்தச் செலவு என்றார்கள். 1916 ஜூலையில் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பெங்களூரில் பொறியியல் கல்லூரி. தான் பூனாவுக்குப் போனது போல இன்னொரு மைசூர்ப் பையன் போக வேண்டியதில்லை என்று ஆனது. அதே 1916-ல் மைசூர் வர்த்தகச் சபையும் அவர் முயற்சியால் தொடங்கியது. படித்தவரை வேலைக்கு வைக்கிறவர்களும் ஓரிடத்தில் கூடிப் பேச வேண்டுமே.

இனி அவர் கணக்கில் இடித்த இடத்தையும் சொல்ல வேண்டும். பல கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன. பள்ளி பெருகியது, வேலை பெருகியது. அந்த வேலை யாருக்குக் கிடைத்தது? ஏற்கனவே படித்த குடும்பங்களுக்கு. சமஸ்தான உத்தியோகங்களில் பெரும்பகுதி பிராமணர் கையில் இருந்தது, திவானும் பிராமணர். சென்னையில் 1916-ல் நீதிக்கட்சியின் தொடக்கம் நிகழ, 1917-ல் மைசூரில் பிரஜா மித்ர மண்டலி வந்தது. படிப்பு எங்களையும் எட்ட வேண்டும், உத்தியோகத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று லிங்காயத்துகள், ஒக்கலிகர், முஸ்லிம்கள் சேர்ந்து கேட்டார்கள். மகாராஜா 1918-ல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு போட்டார். பிற்பட்ட சமூகங்களுக்கு ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் தர வேண்டும் என்று அந்தக் குழு பின்னர் சொன்னது. விஸ்வேஸ்வரய்யா இதை ஏற்கவில்லை. உதவித்தொகை எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், பள்ளிகளைத் திறக்கலாம், பதவிக்குத் தகுதி ஒன்றே அளவுகோல் என்பது அவர் நிலை. 1918 கடைசியில் திவான் பதவியிலிருந்து விலகினார்.

அவர் சொன்னதில் நேர்மை இருந்தது என்று நம்புகிறேன். ஆனால் சரி என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் படித்து மேலே வரும்வரை காத்திருங்கள் என்று சொல்வது, ஏற்கனவே நாற்காலியில் இருப்பவருக்கு எளிது. என்னோடு வங்கியில் வேலை பார்த்தவர்களில் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போய், இடஒதுக்கீட்டில் வந்தவர்கள் பலர். அவர்களுடைய பேரேட்டிலும் நாள் முடிவில் ஒரு பைசா தவறாமல் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர்கள் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஒரு பகுதி வளர்ந்தது என்று சொல்ல, அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாத் தெருவும் வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? மகாராஜாவுக்கு அது தெரிந்திருந்தது. திவானுக்கு அது புரியாமல் போனது.

இருவருக்கும் அதனால் உறவு முறியவில்லை. 1923-ல் மகாராஜாவே அவரை மீண்டும் கூப்பிட்டார். காரணம் பத்ராவதி.

பத்ராவதி இரும்பாலை விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது முடிவான திட்டம். மைசூரில் இரும்புக்கல் உண்டு, நிலக்கரி இல்லை. காட்டு மரத்தைக் கரியாக்கி அதில் இரும்பை உருக்குவது என்று முடிவு. மரத்தைக் காய்ச்சும்போது வடியும் சாராவி, தார் போன்றவற்றையும் விற்கலாம் என்று எண்ணினார்கள். போர்க்காலத்தில் இரும்பு விலை வானத்தில் இருந்தது. ஆலை கட்டி முடித்து 1923 ஜனவரியில் இரும்பு வடிக்கத் தொடங்கியபோது விலை தரையில் கிடந்தது. வெளிநாட்டு நிபுணர்களின் சம்பளமோ அப்படியே இருந்தது. மாதா மாதம் நஷ்டம். இதை மூடிவிட்டு நஷ்டத்தோடு போகட்டும் என்று சமஸ்தானத்தில் பலர் பேசினார்கள். வங்கி மொழியில் சொன்னால் வாராக்கடன்.

அறுபது வயதைத் தாண்டிய மனிதர் ஆலையின் நிர்வாகக் குழுத் தலைவராக வந்து உட்கார்ந்தார். தனக்குச் சம்பளம் இப்போது வேண்டாம், ஆலை காலூன்றிய பிறகு பார்க்கலாம் என்றார். செலவை ஒவ்வொரு தலைப்பாகக் குறைத்தார். அதிகச் சம்பள வெளிநாட்டினர் இடத்தில் படிப்படியாக மைசூர் இளைஞர்களைப் பழக்கி வைத்தார். இரும்பை இரும்பாகவே விற்றால் விலை கிடைக்காது என்று வார்ப்புக் குழாய் செய்யத் தொடங்கினார்கள். ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் தேவைப்பட்ட காலம் அது. தான் திறந்த பொறியியல் கல்லூரியிலும் தொழிற்பள்ளிகளிலும் படித்த பையன்களுக்கு ஒரு பெரிய பட்டறை கிடைத்தது. 1929-ல் அவர் பொறுப்பை விட்டபோது ஆலை தன் காலில் நிற்கத் தொடங்கியிருந்தது. மூடியிருந்தால் பத்ராவதி என்ற ஊரே இன்று இப்படி இருந்திருக்காது.

பின்னாளில் அந்த ஆலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மத்திய அரசின் உருக்கு ஆணையத்தின் கைக்குப் போய், சமீப ஆண்டுகளில் மூடுவது என்ற முடிவும் அதற்கு எதிரான தொழிலாளர் போராட்டமுமாக அது திரும்பத் திரும்பச் செய்தியில் அடிபடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட அதே கேள்வியை இப்போதும் கேட்கிறார்கள்.

அவர் எழுபதைத் தாண்டிய பிறகும் ஓயவில்லை. 1935-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுற்றி மோட்டார் கார்த் தொழிற்சாலைகளைப் பார்த்து வந்து, இந்தியாவிலேயே கார் செய்யும் திட்டம் தயாரித்தார். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் கூட நின்றார். பிரிட்டிஷ் அரசின் ஒத்துழைப்பு கிடைக்காமல் அது அப்போது கைகூடவில்லை. ஆனால் அதே வால்சந்த் 1940-ல் மைசூர் அரசோடு சேர்ந்து விமானத் தொழிற்சாலையைப் பெங்களூரில்தான் தொடங்கினார். பிறகு 1948-ல் டெலிபோன் தொழிற்சாலை, 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் அதே ஊருக்கு வந்தன. இதெல்லாம் ஒரு மனிதரால் வந்தது என்று சொல்வது மிகை. மின்சாரம், தண்ணீர், தட்பவெப்பம், பிற திவான்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்தவை. ஆனால் ஆலை தொடங்குகிறவர் முதலில் கேட்பது ஃபிட்டரும் டர்னரும் வரைபடக்காரரும் கிடைப்பார்களா என்றுதான். பெங்களூரில் கிடைத்தார்கள். 1913-லேயே அதற்கு விதை போட்டிருந்தார்கள்.

பத்ராவதிச் சம்பள பாக்கி என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதில்தான் ஆர்வம். லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை சேர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு என்று பவுன் விலை வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். அவர் அதைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. பெங்களூரில் ஒரு தொழில் பயிற்சி நிலையம் தொடங்கக் கொடுத்துவிட்டார். பட்டப்படிப்பு வரை போக முடியாத பையன்கள் கைத்தொழிலோடு வெளியே வர வேண்டும் என்பது நோக்கம். அதற்கு அவர் பெயரை வைக்கலாம் என்றபோது மறுத்துவிட்டு, ஜெயசாமராஜேந்திரர் பெயரை வைக்கச் சொன்னார். 1943-ல் அது தொடங்கியது. இன்றும் கே.ஆர். சர்க்கிள் பக்கம் அரசு பாலிடெக்னிக்காக நடக்கிறது.

1955-ல் அவருக்கு பாரத ரத்னா கிடைத்தது. 1962 ஏப்ரலில் நூறு வயது கண்ட நிலையில் காலமானார். அவர் கொடுத்த பணத்தில் தொடங்கிய பாலிடெக்னிக்கில் மின்சாரம், இயந்திரம் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒளிப்பதிவும் கற்றுக்கொடுத்தார்கள். குருதத் படங்களில் கறுப்பு வெள்ளையை அப்படிக் காட்டிய வி.கே. மூர்த்தி அங்கே படித்தவர். பின்னாளில் இயக்குநராகப் பெயர் வாங்கிய கோவிந்த் நிஹலானி ஒளிப்பதிவு டிப்ளமோ வாங்கி அங்கிருந்து வெளியே வந்ததும் அதே 1962-ல்தான்.